கட்டுப்பாட்டுக்கு உட்படுவோர் யார்? பெருந்தொற்றும் சாதியச் சமூகத்தின் பொதுச் சுகாதாரமும்

பெருந்தொற்றுக் காலத்தின் சுகாதார விதிகளை மக்கள் ஏன் மீறுகிறார்கள் என்ற கேள்வி 2020ஆம் ஆண்டு முழுவதும் ஓயாமல் எழுப்பப்பட்டது. தொலைக்காட்சி விவாதங்களிலும் குடியிருப்போர் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதற்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றே: விழிப்புணர்வு இல்லை, படிப்பு இல்லை, பொறுப்பு இல்லை. இந்தப் பதில் யாரைச் சுட்டியது என்பதை விளக்க வேண்டியதில்லை. கேமராக்கள் மீன் சந்தையையும் ரேஷன் கடை வரிசையையும் குடிசைப் பகுதிகளின் சந்துகளையும் நோக்கியே திருப்பி வைக்கப்பட்டிருந்தன.

கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். விதிகளைக் கடைப்பிடித்தவர்கள் எதனால் கடைப்பிடித்தார்கள்? அவர்களுக்கு எது வாய்த்திருந்தது? அதற்கான விலையை யார் கொடுத்தார்கள்?

மக்கள் சட்டத்துக்கு ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்பதை அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஆராய்ந்து டாம் டைலர் 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். தண்டனை குறித்த அச்சத்தைவிட, அதிகாரத்தில் இருப்போர் தம்மை நேர்மையாகவும் மரியாதையாகவும் நடத்துகின்றனர் என்ற எண்ணமே மக்களை வலுவாகக் கட்டுப்படுத்துகிறது என்பது அவர் கண்ட முடிவு. கொரோனாவின் முதல் இரண்டு ஆண்டுகள் முடிந்த நிலையில், 2022 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு 177 நாடுகளையும் நிலப்பகுதிகளையும் ஒப்பிட்டது. அரசின் மீதான நம்பிக்கையும், சக மனிதர் மீதான நம்பிக்கையும் உயர்ந்திருந்த இடங்களில் தொற்று குறைவாக இருந்தது என்று அது காட்டியது.

இதில் இரண்டாவதாக வருவதுதான் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்க வேண்டியது. சக மனிதர் மீதான நம்பிக்கை என்பது, நான் முகக்கவசம் அணிந்தால் எதிரில் வருபவரும் அணிவார், அவர் உயிரும் என் உயிரும் ஒரே எடை கொண்டவை என்ற எண்ணம். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று அடையாளங்காட்டிய ஓர் அமைப்பில் இந்த எண்ணம் எங்கிருந்து பிறக்கும்? ஊரின் நோயை ஊரும் சேரியும் பொதுவாகச் சுமப்பதாக இந்தச் சமூகம் ஒருபோதும் கருதியதில்லை.

முதலில் இயலுமையைப் பார்ப்போம். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள்கள் ஊரடங்கு என்று அறிவித்தார். இடையில் இருந்தது நான்கு மணி நேரம். வீட்டிலேயே இருங்கள், கைகளை அடிக்கடி கழுவுங்கள், ஆறடி விலகி நில்லுங்கள் என்ற மூன்று கட்டளைகளும் கேட்க எளியவை. ஆனால் வீடும், தண்ணீரும், இடமும் ஏற்கெனவே உள்ளவருக்கு மட்டுமே அவை எளியவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் குடும்பங்களில் வீட்டு வளாகத்துக்குள்ளேயே குடிநீர் பெற்றவை 46.6 விழுக்காடு மட்டுமே. பட்டியல் சாதிக் குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த அளவு இன்னும் குறைவு. தெருக்குழாயில் குடத்தோடு நிற்பவர் விதியை மீறியவர் ஆகிறார். குழாய் வராத வீட்டைக் கட்டிக்கொடுத்த வாரியம் எதையும் மீறியதாகக் கணக்கில்லை.

இயலுமையின் வேறுபாட்டை எண்ணாகவே பார்க்க முடிந்த ஓர் இடம் மும்பை. 2020 சூலையில் அந்நகரின் மூன்று வட்டங்களில் எடுக்கப்பட்ட குருதி ஆய்வில், குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினரின் உடலில் கொரோனாவுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. அதே வட்டங்களின் மற்றக் குடியிருப்புகளில் அது 16 விழுக்காடு. ஒரே நகரம், ஒரே ஊரடங்கு, ஒரே காவல்துறை. 57க்கும் 16க்கும் இடையிலான தொலைவை விழிப்புணர்வின் பற்றாக்குறை என்று எவரேனும் விளக்கினால், அவர் பொதுக் கழிப்பறை வரிசையில் ஒரு நாளும் நின்றதில்லை என்று பொருள்.

அந்த 16 விழுக்காட்டினரும் தனியாக நின்று விலகலைக் கடைப்பிடித்துவிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவரின் குப்பையை யாரோ ஒருவர் வாசலுக்கு வந்து எடுத்துச் சென்றார். கழிவுநீர்க் குழாயின் அடைப்பை யாரோ நீக்கினார். மருத்துவமனைப் படுக்கையின் விரிப்பை யாரோ மாற்றினார். பிணங்களை யாரோ எரித்தார், யாரோ குழி வெட்டினார். அந்த 'யாரோ' எந்தச் சாதியினர் என்பது இந்தியாவில் எந்த மாநகராட்சிக்கும் தெரியாத செய்தி அன்று. வீட்டிலிருத்தல் என்ற விதியை ஒரு சாரார் கடைப்பிடிக்க, அந்த விதியின் பாதுகாப்பிலிருந்து இன்னொரு சாரார் முன்கூட்டியே விலக்கப்பட்டிருந்தனர். மார்ச் 22 மாலை 5 மணிக்கு மாடிகளில் நின்று தட்டுகளை ஒலித்தவர்கள் நன்றி சொன்னது அவர்களுக்கும் சேர்த்துத்தான். கையுறையும் பணி நிரந்தரமும் அந்த ஒலியில் இறங்கி வரவில்லை.

சொற்களும் தம் வேலையைச் செய்தன. சமூக விலகல், சமூக இடைவெளி என்ற சொற்கள் நாளிதழ்களில் புழங்கத் தொடங்கியபோது, தலித் எழுத்தாளர்களும் செயற்பாட்டாளர்களும் உடனே மறுப்புத் தெரிவித்தனர். உலகச் சுகாதார நிறுவனமே 2020 மார்ச் இறுதிக்குள் உடல்சார்ந்த இடைவெளி என்ற சொல்லுக்கு மாறிவிட்டது. இங்கோ, நம் முன்னோர் தொடாமல் வாழ்ந்ததன் பின்னால் அறிவியல் இருந்தது என்ற பிதற்றல் சமூக ஊடகங்களில் பெருமிதத்தோடு சுற்றிவந்தது. தொற்று பரவாதிருக்க இரு தரப்பும் சமமாக விலகி நிற்பது ஒன்று. ஒரு தரப்பை என்றென்றும் தொற்றாகவே கருதி விலக்கி வைப்பது வேறொன்று.

காவலர் எவரும் இல்லாமலேயே நோய்க் கட்டுப்பாடு கடைப்பிடிக்கப்பட்ட ஒரு மரபு தமிழ் நிலத்தில் இருக்கிறது. அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகினால் அயலார் உள்ளே வரமாட்டார்கள், அந்த வீட்டாரும் வெளியே விருந்துக்குப் போகமாட்டார்கள், தாளிக்கமாட்டார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே வழக்கமான போக்குவரத்துத் தொடங்கும். மாரியம்மன் மீதான பக்தி இதற்கு ஒரு காரணம். நோயுற்றவர் இழிந்தவராக அல்லாமல் ஆத்தா இறங்கியவராக மதிக்கப்பட்டார் என்பது அதனினும் பெரிய காரணம். தன்னை இழிவுபடுத்தாத கட்டுப்பாட்டுக்கு மனிதர் தாமாகவே உட்படுகின்றனர். 2020இல் தமிழக ஊர்கள் பலவற்றின் நுழைவாயில்களில் வேப்பிலைத் தோரணமும் முள்மரக் கிளைகளும் தோன்றியபோது இந்த மரபின் எதிரொலியைக் காண முடிந்தது. எனினும் அதை அப்படியே கொண்டாட இயலாது. முள்வேலி எந்த இடத்தில் போடப்பட வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்கள், ஊரின் எல்லை எது என்பதை நெடுங்காலமாகத் தீர்மானித்து வந்தவர்களே.

கட்டாயத்துக்கும் நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை இந்திய வரலாற்றில் மிகத் தெளிவாகக் காட்டுவது 1897ஆம் ஆண்டின் புனே நகரம். பம்பாயில் 1896இல் தோன்றிய கொள்ளைநோய் அங்கே பரவியபோது, காலனிய அரசு பிப்ரவரி மாதத்தில் தொற்றுநோய்கள் சட்டத்தை இயற்றியது. 2020இலும் அரசுகளின் கையில் இருந்தது அதே சட்டம்தான். புனேயில் கொள்ளைநோய்த் தடுப்புப் பொறுப்பை ஏற்ற வால்டர் ராண்ட், படைவீரர்களை வீடு வீடாக அனுப்பினார். அவர்கள் கதவுகளைத் திறந்து நுழைந்தனர், பொருள்களை வெளியே வீசினர், பெண்களின் உடலைச் சோதித்தனர், நோயாளிகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து முகாம்களுக்கு இழுத்துச் சென்றனர். மக்கள் நோயாளிகளை ஒளித்தனர், பிணங்களையும் மறைத்தனர். சூன் 22 இரவில் சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். தேசிய வரலாறு இந்த நிகழ்ச்சியை விரும்பிச் சொல்லும்.

ராண்டின் வேட்டை தொடங்குவதற்குச் சற்று முன்னர் அதே புனேயின் புறநகரில் நடந்ததை அது அவ்வளவு விரும்பிச் சொல்வதில்லை. சாவித்திரிபாய் பூலேயும் மருத்துவரான அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்தும் நகருக்கு வெளியே கொள்ளைநோயாளிகளுக்காக ஒரு சிகிச்சையிடம் நடத்தினர். முண்ட்வா பகுதியின் மகர் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோயுற்றுக் கிடப்பதை அறிந்த சாவித்திரிபாய், அவனைத் தாமே சுமந்து கொண்டுவந்து சேர்த்தார். சிறுவன் பிழைத்தான். அவனிடமிருந்து தொற்றிய நோயால் சாவித்திரிபாய் 1897 மார்ச் 10 அன்று இறந்தார். அங்கும் நோயாளியைத் தனிமைப்படுத்தல்தான் நடந்தது. நோயாளி வீட்டிலிருந்து அகற்றப்பட்டார், முகாமில் வைக்கப்பட்டார். செயல் ஒன்றே. ஆனால் தீண்டத்தகாதவன் என்று ஊர் ஒதுக்கிய குழந்தையைத் தோளில் சுமந்தவரிடம் தாய்மார்கள் நோயாளியை ஒளித்திருக்க மாட்டார்கள்.

தாழ்த்தப்பட்டவர்களே நவீன மருத்துவத்துக்கு அஞ்சி ஓடுகிறார்கள் என்ற கற்பிதத்தையும் வரலாறு ஏற்கவில்லை. 1802 சூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு அம்மைத் தடுப்பு வெற்றிகரமாகப் போடப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. குளிர்பதனம் இல்லாத அக்காலத்தில் மருந்தைப் பல ஊர்களுக்குக் கொண்டுசெல்லக் குழந்தைகளின் கைகளே கலன்களாகப் பயன்பட்டன. தடுப்புப் போட்ட குழந்தையின் கையில் எழும் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து அடுத்தவர் கையில் வைப்பார்கள். இதற்குக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் ஏழை, ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகள். தீண்டத்தகாத குழந்தையின் உடலிலிருந்து எடுத்த நீர் தம் உடலில் கலப்பதா என்று மறுத்தவர்கள் உயர்சாதியினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தடுப்பூசித் தயக்கத்தில் ஒரு பெரும் பகுதி சாதியத் தயக்கம். அதை எவரும் அறியாமை என்று பெயரிட்டு அழைத்ததில்லை. சமய உணர்வு என்று மரியாதையோடு குறித்துவைத்தார்கள்.

நம் காலத்துக்குத் திரும்பினால், தாராவி நினைவுக்கு வருகிறது. நெல்லைச் சீமையிலிருந்து சென்ற தமிழர்கள், அவர்களில் ஆதிதிராவிடர் பலர், தலைமுறைகளுக்கு முன்னரே தோல் தொழிலை ஒட்டிக் குடியேறிய இடம் அது. இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். 2020 ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் நோயாளி கண்டறியப்பட்டபோது, பெரும் அழிவு வரப்போகிறது என்று பலர் எழுதினர். சூலை 10 அன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் தாராவியை முன்மாதிரிகளில் ஒன்றாகக் குறிப்பிட்டார்.

இடையில் நடந்தது என்ன? வீட்டிலேயே தனித்திருங்கள் என்று பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் வாழும் குடும்பத்திடம் சொல்வதில் பொருளில்லை என்பதை மாநகராட்சி ஒப்புக்கொண்டது. பள்ளிகளும் திருமண மண்டபங்களும் விளையாட்டு வளாகமும் தனிமைப்படுத்தும் இடங்களாயின. அங்கே மூன்று வேளை உணவு தரப்பட்டது. மக்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் நம்பியிருந்த 450 பொதுக் கழிப்பறைகள் நாளொன்றுக்குப் பலமுறை தூய்மை செய்யப்பட்டன. அந்தப் பகுதியிலேயே சிறு மருத்துவகம் நடத்திவந்த தனியார் மருத்துவர்கள் காய்ச்சல் முகாம்களுக்கு அழைத்து வரப்பட்டனர். தம் குழந்தைகளுக்குப் பல ஆண்டுகளாக ஊசி போட்டவர் வந்து சொன்னபோது மக்கள் பரிசோதனைக்கு முன்வந்தனர். இந்த வெற்றியை மிகைப்படுத்தவும் கூடாது. பெருந்திரளானோர் சொந்த ஊர்களுக்குக் கிளம்பியிருந்தனர். முன்சொன்ன 57 விழுக்காட்டுக் கணக்கு, குடிசை மக்கள் நோயை அமைதியாகச் சுமந்து கடந்ததையும் சொல்கிறது. இருப்பினும் ஒன்று உறுதிப்பட்டது. கட்டளைக்கு முன் சோறும், சோதனைக்கு முன் தெரிந்த முகமும் வந்தால் நாட்டிலேயே மிக நெருக்கமான குடியிருப்பும் ஒத்துழைக்கும்.

தமிழ்நாட்டின் பட்டறிவு கலவையானது. இங்கே பொது வழங்கல் முறை எல்லா மக்களுக்குமானதாக இருந்தது என்பதைக் குறைத்து மதிப்பிடலாகாது. 2020இல் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருள்களும், 2021 மே, சூன் மாதங்களில் இரு தவணைகளாக 4,000 ரூபாயும் கிடைத்தன. ஒரு குடும்பம் பிழைக்க அது போதாது. ஆயினும் வட மாநிலங்களின் நெடுஞ்சாலைகளில் நடந்தவர்களுக்கு வாய்க்காத ஒன்று அது. மறுபக்கத்தில், அரசு தானே நம்பிக்கையைக் கரைத்த தருணங்களும் இருந்தன. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரை நகரங்களில் முழு ஊரடங்கு என்று திடீரென அறிவிக்கப்பட்டதால், 25ஆம் தேதி கோயம்பேட்டிலும் கடைத்தெருக்களிலும் மக்கள் முட்டி மோதினர். பின்னர் கோயம்பேடு சந்தையே பெருந்தொற்றுக் களமாக மாறி மே 5 அன்று மூடப்பட்டது. சென்னைக்கு வெளியே மே 7 அன்று டாஸ்மாக் கடைகள் திறக்கப்பட்டன. ஒரே நாளில் 170 கோடி ரூபாய் அளவுக்கு விற்பனை நடந்தது. கோயிலும் பள்ளியும் மூடியிருக்கச் சாராயக்கடை திறந்திருக்கும் அரசு, கூட்டம் கூடாதீர்கள் என்று சொன்னால் அதை மக்கள் எந்தக் காதில் வாங்குவார்கள்?

அச்சமூட்டலின் எல்லையைச் சாத்தான்குளம் காட்டியது. அனுமதித்த நேரத்துக்குப் பின்னும் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கூறி 2020 சூன் 19 அன்று காவல் நிலையம் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாள்களுக்குள் இறந்தனர். நாடே அதிர்ந்தது. அதிர்ந்தவர்களில் பலருக்கு அது புதிது. காவல் நிலையத்தின் உட்புறத்தைத் தலைமுறைகளாக அறிந்த சேரிகளுக்கு அது புதிதன்று. ஊரடங்கு என்பதைக் காவலரின் கைத்தடி வழியாகவே சந்தித்தவர், நோய் அறிகுறி தோன்றினால் அரசிடம் வந்து சொல்வாரா, மறைப்பாரா?

மறைத்தார்கள் என்பதே விடை. நோய் உறுதியானவர் வீட்டின் வாசலில் அறிவிப்பு ஒட்டுவதும், சென்னையில் தகரம் அடித்துத் தெருவையே அடைப்பதும் நோயாளியைப் பாதுகாக்கவில்லை, காட்சிப்பொருளாக்கின. தகரம் அடித்த வீட்டுப் பெண்ணுக்கு வீட்டுவேலை மீண்டும் கிடைப்பது அரிது. பரிசோதனையைத் தவிர்ப்பது அவருக்கு அறியாமையன்று, கணக்கு. உரிய அதிகாரியின் ஆணை இல்லாமல் இவ்வாறு வீடுகளில் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னபோது, முதல் அலையே ஓய்ந்துவிட்டிருந்தது. கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஏப்ரல் மாதம் கும்பல் தாக்கியதும் இதே நோய்-இழிவின் வெளிப்பாடு. அன்று அந்த மருத்துவரின் குடும்பம் ஒரு முறை அனுபவித்ததை, மயானப் பாதை மறுக்கப்பட்டு வயல்வரப்பில் பிணம் சுமக்கும் மக்கள் பெருந்தொற்று இல்லாத ஆண்டுகளிலும் அனுபவிக்கின்றனர்.

தடுப்பூசியின் கதையும் இத்தகையதே. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட அடுத்த நாள் மாரடைப்புக்கு உள்ளாகி, 17ஆம் தேதி இறந்தார். தயக்கம் தமிழகம் முழுவதும் பரவியது. இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் குழு முடிவு சொல்லப் பல மாதங்கள் ஆயின. அதற்கிடையில், 18 முதல் 44 வயது வரையிலானவர்கள் மே மாதத்தில் கோவின் இணையதளத்தில் முன்பதிவு செய்தாக வேண்டியிருந்தது. அத்தளம் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. ஊசிக்குப் பின் இரண்டு நாள் காய்ச்சல் வரும் என்றால், அந்த இரண்டு நாள் கூலியை யார் தருவார் என்ற கேள்விக்கு எந்த விழிப்புணர்வுச் சுவரொட்டியிலும் விடை இல்லை. செப்டம்பர் 12 அன்று மாநில அரசு முகாமை மக்களின் தெருவுக்கே, அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் கொண்டுசென்றபோது, ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டனர். சில மாதங்களுக்கு முன் 'தயங்கிய' அதே மக்கள். மாறியது அவர்களின் அறிவு மட்டுமன்று. ஊசிக்கும் அவர்களுக்கும் இடையிலிருந்த தூரம்.

ஆகவே, அடுத்த பெருந்தொற்றில் மக்கள் ஒத்துழைப்பார்களா என்பது அப்போதைய விளம்பரங்களால் தீர்மானிக்கப்படப் போவதில்லை. அது இப்போது, நோய் இல்லாத நாள்களில் தீர்மானிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. ஈராண்டுக்குப் பின், 2025 சனவரியில், அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. மக்கள் அதை ஏற்க மறுத்தனர். நாளை அந்தத் தெருவில் ஒரு சுகாதார அலுவலர் நின்று, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், அரசு உங்களைப் பாதுகாக்கும் என்று சொல்வதாகக் கொள்வோம். முதல் பாதியை அவர்கள் கேட்பார்கள்.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் 5, 6 ஆகிய மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தனியார்மயத்தை எதிர்த்தும் பணி நிரந்தரம் கோரியும் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள்கள் அமர்ந்திருந்தனர். அனுமதியற்ற இடம் என்ற நீதிமன்ற ஆணையை அடுத்து, ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைது செய்து அகற்றியது. அவர்களில் பலர் 2020இல் மற்ற எவரும் வெளிவராத தெருக்களில் குப்பை வண்டியைத் தள்ளிச் சென்றவர்கள். அன்று மாலையிட்டு முன்களப் பணியாளர் என்று அழைத்த அதே நகரம்தான் இது.

தமிழ்நாட்டிடம் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. 2020 செப்டம்பரில் அதில் திருத்தம் கொண்டுவரப்பட்டு, முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாய், பொது இடத்தில் எச்சில் துப்புபவருக்கு 500 ரூபாய் என்று தண்டம் வரையறுக்கப்பட்டது. அதே சட்டத்தில் குடிநீருக்கென்று ஓர் இயல் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது: அரசு பணித்தால் உள்ளாட்சி அமைப்பு மக்களுக்குப் போதிய குடிநீர் வழங்கியாக வேண்டும். பெருந்தொற்றின் நடுவில் சட்டத்தைத் திறந்த கைகள் அந்த இயலைப் புரட்டவில்லை. எந்த ஊராட்சியின் எந்தக் காலனிக்கு இன்னும் குழாய் போகவில்லை என்ற பட்டியலோடு மாவட்ட ஆட்சியர்களிடம் அந்த இயலைச் சுட்டிக் காட்டுவது, இயக்கங்கள் நோய் வரும்வரை காத்திராமல் இப்போதே எடுக்கக்கூடிய வேலை.